கருங்கல், தாதுமணல் காட்சியறை: தக்கலைப் பக்கம் இரண்டு அறை இருக்கு, என்ன வைக்கலாம், எப்படி வைக்கலாம்?

1. வேளிமலை

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறை கிடைச்சிருக்கு. ஒவ்வொன்றும் 20 அடிக்கு 16 அடி. மாடி கிடையாது. முன்னால் 8 அடி அகலத்தில் நீளமான திண்ணை. குமரி மாவட்டத்துப் பாறை, கல்லுடைப்பு, கடற்கரைத் தாதுமணல் மூன்றையும் அங்கே காட்டணும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும்.

இதுவரை கையில் இருப்பது: சம்மட்டி 4, உளி முப்பது சொச்சம், கல்லில் துளை போடுகிற ஜம்பர் கம்பி 6 (நீளமானது 5 அடி), உலைத் துருத்தி ஒன்று, அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, ஜல்லி சலிக்கிற சல்லடை இரண்டு, ஒரு சாக்கு நிறையப் பாறைத் துண்டு. துண்டுகளில் எது எங்கே எடுத்தது என்ற குறிப்பு இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் ஒரு பாட்டிலில் வைக்கணும் என்றும் யோசனை.

எங்கிருந்து தொடங்குவது, எதில் கவனமா இருக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2. பாறைநூல்

கருமணல் பாட்டில் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முட்டம்காற்று இந்தப் பக்கம் வந்தால் அதற்குச் சரியான விளக்கம் தருவார். நான் பாறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாக்கிலுள்ள துண்டுகள் காட்சிக்கு உதவாது. எடுத்த இடம் தெரியாத கல்லுக்குப் பெயர்ப்பலகை எழுதினால் அது ஊகம்தான். அவற்றைத் திண்ணையில் தொட்டுப் பார்க்க, கீறிப் பார்க்க விட்டுவிடுங்கள். காட்சிக்குப் புதிதாக எடுங்கள். ஒவ்வொரு மாதிரியும் ஏறக்குறைய 10 செ.மீ., 8 செ.மீ., 5 செ.மீ. அளவில் இருக்கட்டும். எடுக்கும்போதே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, பாறையின் எந்த மட்டத்தில் எடுத்தது, யார் அனுமதி தந்தார் என்பதை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமும் எடுங்கள். குவாரியில் எடுத்தால் ரசீதோ கடிதமோ கட்டாயம் வாங்குங்கள். வனத்துறை நிலத்தில் கை வைக்க வேண்டாம்.

முதல் பலகை ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடையில் பளபளப்பாக்கி விற்கிற எல்லாக் கடினக் கல்லுக்கும் "கிரானைட்" என்றே பெயர். நிலவியலில் கிரானைட் என்பது குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த, பாறைக்குழம்பு பூமிக்கு அடியில் ஆறி இறுகிய ஒரு வகை மட்டும். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் லாரியில் "புளூ மெட்டல்" என்று ஏறுகிற கல் பெரும்பாலும் சார்னோக்கைட். அதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உண்டு. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினது போல ஒரு பச்சை கலந்த சாம்பல் நிறம் தெரியும். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அந்த நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். அதனால் ஒரே துண்டில் ஒரு பக்கம் பழுப்பு ஓட்டையும் மறுபக்கம் புது உடைப்பையும் காட்டுங்கள்.

பெயர்க் காரணத்தையும் போடலாம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒரே வகை என்று நிலவியலாளர் டி.எச். ஹாலந்து கண்டு வைத்த பெயர் அது. உலகம் முழுக்க இன்றும் அதே பெயர்தான்.

குமரிக்கு ஆறு மாதிரி போதும். சார்னோக்கைட், கோண்டலைட், கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் உள்ள பயோட்டைட் நைஸ் என்ற வரிப்பாறை, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது போன்ற லெப்டினைட், மேற்குப் பக்கத்து வெட்டுக்கல், முனைப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்புக் கல். கோண்டலைட் துண்டைத் தேய்த்தால் சிலவற்றில் விரலில் கரி ஒட்டும். அது கிராபைட் செதில். முதல் நான்கும் பூமிக்கு அடியில் 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் உருமாறியவை. இலங்கையும் மடகாஸ்கரும் அப்போது நம்மோடு ஒட்டியிருந்த நிலம். அதே வகைப் பாறை அங்கும் உண்டு.

3. மயிலாடி உளி

பாறைநூல் சார் சொல்றது சரிதான், ஆனா அறைக்குள்ள வர்றவனுக்கு முதல்ல ஹைப்பர்ஸ்தீன் வேண்டாம். கல்லை எப்படிப் பிளந்தாங்க, அதுதான் முதல்ல கண்ணுல படணும். மயிலாடிக் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச மாவட்டம் இது. கையும் உளியும் முன்னால நிக்கணும்.

ஒரு கல்லை வரிசையாத் துளை போட்டுப் பாதி பிளந்த நிலையில நிறுத்துங்க. அது ஒண்ணு போதும், ஆயிரம் படத்துக்குச் சமம். 18 அங்குலம் கனமுள்ள கல்லுன்னா முக்கால் அங்குலத் துளை, 4 அங்குலம் ஆழம், துளைக்குத் துளை 5 அங்குலம். ஒவ்வொரு துளையிலயும் நடுவுல ஆப்பு, ரெண்டு பக்கமும் அரைவட்டத் தகடு. தகடு ரெண்டும் கோட்டுக்கு வலமும் இடமும் பாத்து இருக்கணும். கோட்டு வழியாத் திரும்பி உக்காந்துட்டா விசை தப்பான பக்கம் போயிரும், துளை வாய் மட்டும் பொரிஞ்சு எகிறும், கல் பிளக்காது. இது தெரியாம வச்சிருக்கிற காட்சிகள் உண்டு, கல் வேலைக்காரங்க பாத்தாச் சங்கடப்படுவாங்க.

அடிக்கும்போது ஒரு ஆப்பையே போட்டு அடிக்கப்பிடாது. முதல் ஆப்புல ஒரு அடி, அடுத்ததுல ஒரு அடி, கடைசி வரை போயித் திரும்பி வரணும். அடிக்க அடிக்க ஆப்போட சத்தம் ஏறிட்டே போகும். ஏறி நின்னதும் சம்மட்டியைக் கீழ வச்சிட்டுக் கொஞ்சம் பொறுக்கணும். கல் தானா விடும். அவசரப்பட்டு ஒண்ணை மட்டும் இறக்கினா விரிசல் கோட்டை விட்டு ஓடும், கல் வீண்.

ஜம்பர் கம்பியைச் சுவத்துல சாச்சு வைக்காதீங்க. ஒருத்தர் பிடிக்க மத்தவர் அடிக்கிறதுதான் அதோட வேலை. ஒவ்வொரு அடிக்கும் பிடிக்கிறவர் அரைக்கால் சுத்து திருப்பணும். திருப்பாட்டா துளை வட்டமா வராது, மூணு மூலையாகிக் கம்பி இறுகிப் பிடிச்சிக்கிடும். துளையில தண்ணி விட்டு, வர்ற சேறை நீளக் கரண்டியால எடுப்பாங்க. அந்தக் கரண்டி இருக்கான்னு தேடுங்க. அதை இரும்புக் கடையில போட்டுட்டுப் பெரிய சாமானை மட்டும் வச்சிருப்பாங்க.

உளியில ரெண்டு காலத்தைப் பிரிச்சுக் காட்டுங்க. பழசு முழு எஃகு. வாய் மழுங்கினா உலையில செர்ரிப்பழச் சிவப்பு வரக் காய்ச்சி அடிச்சு, நுனியைத் தண்ணியில தோய்ச்சு, வைக்கோல் நிறம் ஓடி வரும்போது மறுபடி முக்கணும். முந்தி முக்கினா வாய் உடையும். பிந்தினா வாய் மடங்கும். கடினமான கல்லுல வேலை பண்ணின உளி ஒரு நாளைக்குப் பலதடவை உலைக்குப் போகும். புதுசு கார்பைடு நுனி வச்சது. அதை உலையில போட்டாப் பத்தவச்ச இடம் இளகி நுனி கழண்டிரும். பச்சைச் சாணைச் சக்கரத்துலதான் தீட்டணும்.

4. வேளிமலை

உளி அண்ணாச்சி, ரொம்ப நன்றி. தகடு திரும்பும் விஷயம் எங்க யாருக்கும் தெரியாது. இன்னொன்று. பழைய பாறைகளில் நீளவாக்கில் குழிகள் வரிசையாக இருக்கே, அதுக்கு "மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள்" என்று எழுதலாமா? ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

5. பாறைநூல்

"ஆப்புக் குழிகள்" என்று மட்டும் எழுதுங்கள். மரம் நனைந்தால் நாருக்குக் குறுக்கே ஊதும் என்பது உண்மை. ஆனால் ஒரு வரிசைக் குழி முழுவதும் ஒன்றாக நனைய வேண்டுமே, குழிகளை இணைக்கும் நீர்த்தடம் பாறையில் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு ஆப்பு அடித்த குழியின் பக்கச் சுவர் நசுங்கி வெளுத்திருக்கும், சில இடத்தில் துருக் கறையும் இருக்கும். இந்த அடையாளங்களைப் படம் எடுத்துப் போட்டு, எந்த ஆப்பு என்பதைப் பார்ப்பவர் யோசிக்க விடுங்கள்.

6. மயிலாடி உளி

தீ போட்டு எடுக்கிறதையும் சேருங்க சார். பாறை மேல விறகை வரிசையா எரிச்சு, சூடு ஏறினதும் சின்னக் கல்லால தட்டிப் பாப்பாங்க. அடியில விட்டிருந்தாச் சத்தம் பொள்ளலாக் கேக்கும். நெருப்பை அப்படியே முன்னால தள்ளிட்டே போவாங்க. பலகை பலகையா உரிஞ்சு வரும், வேலிக் கல்லு, தளக் கல்லுக்கு நல்லது. சிற்பத்துக்கு ஆகாது, ஏன்னா கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ள நிறைய ஓடியிருக்கும்.

7. பாறைநூல்

சரி. காரணத்தையும் ஒரு வரி போடலாம். மேல் தோல் சூடாகி விரிகிறது, அடிப்பாறை குளிர்ந்தபடியே இருக்கிறது, நடுவில் பிரிகிறது.

8. முட்டம்காற்று

இப்பதான் பார்த்தேன். வேளிமலை அண்ணே, கருமணல் பாட்டில் வேண்டவே வேண்டாம். சொல்லும் காரணத்தைப் பொறுமையா வாசிங்க.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்து இருக்கும். மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு எடையில் 8 முதல் 10 விழுக்காடு. அணுசக்திச் சட்டத்தின் கீழ் அது கட்டுப்பாட்டுப் பொருள். அது மட்டுமில்லை, கடற்கரை மணலிலும் தேரி மணலிலும் உள்ள மற்ற கனத்த கனிமங்களும் கனிமச் சட்டத்தில் அணுக் கனிமப் பட்டியலில்தான் இருக்கு. யாரோ அள்ளிக் கொடுத்த பாட்டிலுக்கு உங்களிடம் எந்தக் காகிதமும் இருக்காது. மாதிரி வேண்டும் என்றால் மணவாளக்குறிச்சியில் ஆலை நடத்தும் இந்திய அரிய மணல் நிறுவனத்துக்கு முறைப்படி கடிதம் எழுதுங்க. பிரித்தெடுத்த இல்மனைட், கார்னெட், சிர்க்கான் வேண்டும், காட்சிக்காக, ஒவ்வொன்றும் 100 கிராம் என்று தெளிவாகக் கேளுங்க. மோனசைட்டைக் கேட்க வேண்டாம். அந்த இடத்தில் ஒரு காலிப் பாட்டிலை வைத்து, ஏன் காலியாக இருக்கிறது என்று எழுதுங்க. பிள்ளைகள் நின்று வாசிக்கிற பலகை அதுவாகத்தான் இருக்கும்.

செயல்முறை காட்ட எளிய வழி இருக்கு. தண்ணீரைப் பீச்சிக் கல் வெட்டும் எந்திரத்துக்குக் கார்னெட் துகள் பையில் விற்கிறார்கள், பில்லோடு கிடைக்கும், 80 மெஷ் (சல்லடைக் கண் அளவு) வாங்குங்க. 300 கிராம் வெள்ளைக் குவார்ட்ஸ் மணலும் 60 கிராம் கார்னெட்டும் கலந்து, அடி தட்டையான தட்டில் தண்ணீர் ஊற்றி மெதுவாகச் சுழற்றினால் வெள்ளை முன்னால் ஓடும், சிவப்பு வாலாகப் பின்தங்கும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் 4-ஐ ஒட்டி. இல்மனைட் 4.7, மோனசைட் 5. தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலில் அலை செய்கிற வேலையும் இதேதான். லேசானதை இழுத்துக்கொண்டு போய்க் கனத்ததைக் கரையில் விட்டுப் போகுது. வேகமாகச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும், சொல்லிக்கொடுப்பவர் முதலில் பழகணும்.

அடுத்து காந்தம். சாதாரணக் கருப்புக் காந்தத்துக்குக் கார்னெட் வராது. நியோடிமியம் காந்தத்தை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக் காட்டுங்க. உறையில்லாமல் வைத்தால் துகள் ஒட்டிக்கொண்டு காந்தத்தைச் சுத்தம் செய்யவே முடியாது. ஆலையில் இந்த வரிசையில்தான் பிரிக்கிறார்கள்: அடர்த்தி, காந்தம், மின்கடத்தும் தன்மை. இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரம் கடத்தும், சிர்க்கானும் மோனசைட்டும் கடத்தாது. ஆக ரூட்டைலையும் சிர்க்கானையும் பிரிப்பது காந்தமில்லை, உயரழுத்த மின்சாரம். இதை எந்திரமாகச் செய்ய முயலாதீங்க, படம் போதும்.

வரலாற்றுப் பலகைக்கு: 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ப் பொருளில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்தக் காலத்தில் வாயு விளக்கில் ஒளிரும் வலை உறையான மேண்டிலுக்குத் தோரியம் தேவை. அதனால்தான் இந்த மணலுக்கு அவ்வளவு மதிப்பு.

9. வேளிமலை

அப்போ பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று இங்கே கிடைக்கும், அதையும் மேண்டிலோடு பக்கத்தில் வைக்கலாமே? கன்னியாகுமரியில் விற்கிற ஏழு வண்ண மணல் பாக்கெட்டும்?

10. முட்டம்காற்று

விளக்கு நல்ல யோசனை. மேண்டில் பழசு என்றால் அதிலும் தோரியம் இருக்கும். எரிந்த மேண்டில் தொட்டால் பொடியாகும், அந்தத் தூசியை யாரும் இழுக்கக் கூடாது. எரிந்த மேண்டில் வேண்டாம், விளக்கை மட்டும் வையுங்க. மேண்டில் எப்படி இருந்தது என்று படம் போடுங்க.

ஏழு வண்ண மணல் பாக்கெட் வேண்டாம். அதில் சாயம் போட்டதும் இருக்கும், எந்த நிறம் இயற்கை என்று நாம் எழுத முடியாது.

11. தளவாடம்

பொறியாளர் பார்வையில் சில. எங்கள் கல் ஒரு கன அடி சராசரி 76 கிலோ. இரண்டடிக்கு இரண்டடிக் கனசதுரம் 8 கன அடி, 610 கிலோ. அது நிற்கும் இடம் 4 சதுர அடி. சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 1,600 கிலோவுக்கு மேல் வருகிறது. மாடித் தளங்கள் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோவுக்குத்தான் வடிவமைக்கப்படும். உங்களுக்கு மாடி இல்லை, நல்லது. ஆனாலும் பழைய சிவப்புத் தரைக்கு அடியில் வெறும் மண் நிரப்பு இருக்கும், ஒரு மழைக்காலத்தில் ஒரு பக்கம் இறங்கும். பெரிய கல் நிற்கும் இடத்தில் மட்டும் தரையை வெட்டி 6 அங்குலக் காங்கிரீட் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பெரிய கல்லைத் திண்ணைக்கு வெளியே வையுங்கள்.

கல்லை நேராகத் தரையில் வைக்காதீர்கள். 3 அங்குல மரச் சட்டம் இரண்டு கொடுத்தால்தான் பெல்ட்டைக் கழற்ற முடியும், பின்னால் தூக்கவும் முடியும். 1 டன் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போதும் என்று தோன்றும், 2 டன் வாங்குங்கள். அதை ஓட்டுக் கூரையின் உத்தரத்தில் தொங்கவிடவே கூடாது. மூன்று கால் இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

ஜல்லிப் பகுதி பற்றி யாரும் பேசவில்லை. வீடு கட்டுகிறவர்கள் வந்தால் அங்கேதான் நிற்பார்கள். கண்ணாடிக் குழாய்களில் 40 மி.மீ. (ஒன்றரை ஜல்லி), 20 மி.மீ. (முக்கால்), 12 மி.மீ. (அரை), 6 மி.மீ. (சிப்ஸ்), எம்-சாண்ட் என்று இறங்குவரிசையில் வையுங்கள். தாடை கிரஷர் பெரிய கல்லை உடைக்கிறது, கோன் கிரஷர் அதை ஜல்லியாக்குகிறது, கடைசி எந்திரம் கல்லைக் கல்லோடு மோதவிட்டு மணலாக்குகிறது. எம்-சாண்ட் 4.75 மி.மீ. சல்லடையில் விழ வேண்டும். அதற்குப் பதிலாகக் கிரஷர் தூசியை விற்பதுதான் நடக்கிற பிழை. கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு நிமிடம் குலுக்கி 3 மணி நேரம் வைத்தால் மேலே படியும் மெல்லிய படலத்தின் கனத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இரண்டு பாட்டில், ஒன்றில் நல்ல மணல், ஒன்றில் தூசி. பக்கத்தில் பக்கம்.

12. பழம்பொருள்

இரும்புச் சாமான்களைப் பற்றி நான் சொல்கிறேன். தயவுசெய்து யாரும் அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். உளியின் தலை காளான் மாதிரி மடங்கியிருப்பதும், சம்மட்டியின் முகத்தில் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதும்தான் அது உழைத்ததற்குச் சாட்சி. தேய்த்துவிட்டால் கடையில் வாங்கிய புதுச் சாமானுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

பித்தளைக் கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் போதும். உதிரும் துருவை மட்டும் எடுங்கள். துணியால் துடைத்து, நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்து, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மூரில் உண்டு. சில மாதத்தில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, ஓரத்தில் துரு தொடங்கும். கடல் பக்கத்திலிருந்து வந்த சாமானாக இருந்தால் முதலில் உப்பை எடுக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, வாரம் ஒருமுறை நீரை மாற்றி, அந்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால் மாதிரிக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது.

உப்பு கல்லையும் தின்னும். 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலைக்குக் காகிதக் கூழ் ஒட்டி உப்பை இழுத்து எடுத்த பிறகுதான் பாதுகாப்புப் பூச்சு பூசுகிறார்கள். இதை ஒரு சிறு துண்டுக் கல்லில் கூழ் ஒட்டிக் காட்டலாம், செலவே இல்லை.

மரக் கைப்பிடியில் பொடி உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, கழித்தல் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர் போதும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே பிரித்தால் மரத்தின் மேல் வியர்க்கும். துருத்தியின் தோலை இப்படிச் செய்யும் முன் கேளுங்கள், வறண்டு வெடித்திருந்தால் வேறு வழி.

எண் எழுதும் முறை: பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு விரல்நகம் அளவு பூசி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் அசிட்டோனில் துடைத்து எடுக்கலாம். பெயிண்டால் கல்லில் நேராக எழுதினால் அது கல்லோடு போகும்.

13. வேளிமலை

பழம்பொருள் அக்கா, நல்ல நேரத்தில் சொன்னீங்க. அடுத்த வாரம் கிரைண்டர் வைத்து எல்லாம் தேய்க்க ஆள் ஏற்பாடாகியிருந்தது. நிறுத்தியாச்சு. துருத்தித் தோல் ஓரங்களில் வெடிப்பு இருக்கு, தனியாப் படம் அனுப்புறேன்.

அம்மி, ஆட்டுக்கல்லுக்கு என்ன எழுதலாம்? "சமையல் கருவிகள்" என்று மட்டும் போட்டால் வெறுமையா இருக்கு.

14. மயிலாடி உளி

அம்மி மேல ஒரு லென்ஸை வச்சுப் பாக்க விடுங்க. குவார்ட்ஸ் மேல நிக்கும், மத்தது தேஞ்சு இறங்கியிருக்கும். அந்த மேடு பள்ளம்தான் மிளகாயை அரைக்கிறது. ரொம்ப நாள் அரைச்சா எல்லாம் ஒரே மட்டமாகி வழுக்கும். அப்பதான் அம்மி கொத்தணும். பாதி அம்மியைப் புதுசாக் கொத்தி, பாதியை வழுக்கலா விட்டு வையுங்க. கையை வச்சுப் பாத்தாப் போதும், எழுத்தே வேண்டாம். அம்மிக்குக் காக்காப்பொன் (மைக்கா) மிகுந்த கல்லை எடுக்க மாட்டாங்க, செதில் செதிலா உதிர்ந்து சம்பால்ல விழும்.

இன்னொன்னு, சத்தம். சுசீந்திரம் இசைத்தூணை எல்லாரும் பாத்திருப்பாங்க. கல் ஏன் பாடுதுன்னு இங்க காட்டலாம். நல்ல கல் தட்டினாக் கணீர்னு வரும், உள்ள வெடிப்பு இருந்தாச் சொத்தைத் தேங்கா மாதிரிக் கேக்கும். சிற்பத்துக்குக் கல் எடுக்கிறவங்க முதல்ல இதைத்தான் பாப்பாங்க.

15. தளவாடம்

அதற்கு அளவு தருகிறேன். 90 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம் உள்ள சட்டக் கல் இரண்டு. ஒன்று வெடிப்பு இல்லாதது, ஒன்று நடுவில் வாளால் 2 செ.மீ. ஆழம் வெட்டியது. தாங்கும் ரப்பர் பட்டை கல்லின் இரு முனையிலிருந்தும் 20 செ.மீ. தள்ளி வர வேண்டும். நீளத்தில் 0.224 பங்கு. அதிரும்போது அசையாமல் நிற்கும் இடம் அதுதான். முனையிலோ நடுவிலோ தாங்கினால் நல்ல கல்லும் செத்த சத்தம் தரும், பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். தட்ட மரச் சுத்தி, இரும்பு வேண்டாம்.

16. பாறைநூல்

உளி சொன்னதை ஏற்கிறேன், அம்மியும் சட்டக் கல்லும் முன்னால் வரட்டும். ஆனால் பின் சுவரில் ஒரு நுண்சீவல் மட்டும் கொடுங்கள். பாறையை 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது. நிலவியல் துறை உள்ள கல்லூரிகளில் செய்து தருவார்கள். அந்தக் கனத்தில் கல் ஊடே வெளிச்சம் வரும். இரண்டு போலராய்டு தாளுக்கு நடுவில் வைத்து, மேல் தாளைத் திருப்பும்படி அமைத்துவிடுங்கள். குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாக மின்னும். கார்னெட் மட்டும் எப்படித் திருப்பினாலும் கருப்பாகவே இருக்கும். குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் சீவல் கனம் அதிகம், திருப்பிக் கொடுத்து இன்னும் தேய்க்கச் சொல்லுங்கள்.

கல்லாகத் தெரிகிற இரண்டைக் கல் என்று எழுதிவிடாதீர்கள். சுசீந்திரத்துப் பெரிய நந்தி சுண்ணாம்புச் சாந்தில் செய்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருப்புத் தரையும் கருங்கல் இல்லை, சுண்ணாம்போடு கொட்டாங்கச்சிக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்று சொல்வார்கள். அனுமார் சிலை கல்தான்.

17. முட்டம்காற்று

தூசியைப் பற்றி ஒரு பலகை இல்லாமல் இந்த அறை முழுமையாகாது. கல்லுடைப்பில் நுரையீரல் போனவர்கள் இந்த மாவட்டத்துக் குடும்பங்களில் இருக்கிறார்கள். கல்தூசியால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். முகத்தில் துண்டு கட்டினால் கண்ணுக்குத் தெரிகிற தூசி நிற்கும், 5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்றால் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழ் உள்ளது நிற்காது, நுரையீரலின் கடைசிப் பை வரை போகும். தலைமுடி 70 மைக்ரான் என்று பக்கத்தில் ஒரு கோடு வரைந்து காட்டுங்க. ஒரு ஈரத் துளையும் ஒரு உலர் துளையும் போடும் படம் அருகருகே. செயல்முறை செய்து காட்டுகிறவரும் தண்ணீர் இல்லாமல் அறைக்குள் கல்லை வெட்டக் கூடாது, அவரைப் பார்த்துப் பிள்ளைகள் கற்கும்.

வெடிமருந்துப் பகுதிக்கு உண்மையான டெட்டனேட்டர், திரி எதுவும் வேண்டாம், "செயலிழந்தது" என்று யார் சொன்னாலும் வாங்காதீங்க. மரத்தில் கடைந்த மாதிரி போதும்.

குறைந்த மலைகளையும் காட்டுங்க. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படம். நிற்கும் இடத்தில் ஒரு கல் நட்டு எண் போட்டால் பத்து ஆண்டு கழித்தும் அங்கேயே நிற்கலாம். யாரையும் குற்றம் சொல்லும் வாசகம் தேவையில்லை, தேதி இருந்தால் போதும்.

18. வேளிமலை

எல்லாம் குறித்துக்கொண்டேன். இப்படி மாற்றியிருக்கேன், பாருங்க. திண்ணையில் சட்டக் கல் இரண்டு, பாதி கொத்திய அம்மி, சாக்குத் துண்டுகள். முதல் அறை நடுவில் காங்கிரீட் போட்டுப் பாதி பிளந்த கல், சுவரில் ஜம்பர், கரண்டி, உளி வரிசை, ஓரத்தில் துருத்தி. தூசிப் பலகை வெளியே போகும் வாசலுக்கு நேரே. இரண்டாம் அறையில் ஆறு பாறை, நுண்சீவல், மணல் தட்டு, ஜல்லிக் குழாய், காலி மோனசைட் பாட்டில். சேறு எடுக்கும் கரண்டி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

பிளந்த கல்லுக்கு மேலே நேராக ஒரு ஸ்பாட் லைட் போடலாம்னு இருக்கேன்.

19. பழம்பொருள்

மேலே நேராக வேண்டாம். துளையும் உளிக்கொத்தும் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், கல்லின் மட்டத்திலிருந்து ஓரடி உயரத்தில், தாழ்ந்த கோணத்தில் விழட்டும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நிழல் வரும்.

20. மயிலாடி உளி

கரண்டி கிடைக்காட்டா 8 மி.மீ. கம்பியில நுனியை ஒரு ரூபா அகலத்துக்குத் தட்டிப் பள்ளமா வளைச்சுச் செஞ்சிரலாம், கொல்லன்கிட்டச் சொன்னா அரை மணி நேர வேலை. ஆனா "புதுசாச் செஞ்சது" ன்னு பலகையில எழுதிருங்க.